டியூபாவுக்கு ஒரு கான்செர்ட்டோ: நான்கில் எதை எடுப்பது?

எங்கள் இசைக்குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்தை வாசிப்பவர் பதினெட்டு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ட்வோர்ஷாக்கின் ஒன்பதாம் சிம்பொனியை நாங்கள் எடுத்தபோது, முழுப் படைப்பிலும் அவருக்கு வந்தது மெதுவான இரண்டாம் பகுதியில் சில சுரங்கள் மட்டும். விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சில சுரங்களுக்காக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், மழையோ பனியோ, பத்துக் கிலோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். அடுத்த வசந்தகாலக் கச்சேரியில் அவரை முன்னால் உட்கார வைத்து ஒரு கான்செர்ட்டோ, அதாவது ஒரு வாத்தியம் தனியாக முன்னின்று வாசிக்க இசைக்குழு முழுவதும் துணை போகும் படைப்பு, வாசிக்கச் சொல்லலாம் என்ற பேச்சு வந்ததும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. எதை வாசிப்பது என்பதை முடிவு செய்யத்தான் இரண்டு மாதம் ஆனது.

நாங்கள் இசையைத் தொழிலாகக் கொண்டவர்கள் இல்லை. லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் ஒரு தேவாலயக் கூடத்தில் கூடுகிறவர்கள். நான் இரண்டாம் வயலின். நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் குழுவிலும் இருப்பதால், இந்த ஒப்பீட்டைச் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான்கு கான்செர்ட்டோக்களை இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பலமுறை கேட்டேன். டியூபாக்காரரோடும் இசை நடத்துநரோடும் உட்கார்ந்து பேசினேன். இதே முடிவை எடுக்க வேண்டிய இசைக்குழுக்காரர்களும் மாணவர்களும் தமிழர்களிடையே இப்போது ஆங்காங்கே இருக்கிறார்கள். வாசிக்கிற வேலை இல்லாமல், கேட்க ஒரு மாலை மட்டும் இருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது புரிந்தால்தான் தேர்வு எங்கே சிக்கலாகிறது என்று தெரியும். டியூபா பித்தளை வாத்தியங்களில் கடைக்குட்டி. பெர்லினில் 1835இல் வீப்ரெக்ட், மோரிட்ஸ் என்ற இருவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். வயலினுக்கும் செல்லோவுக்கும் அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கான்செர்ட்டோக்கள் எழுதப்பட்டுவிட்டன. எங்கள் நண்பர் வாசிப்பது பிரிட்டனில் வழக்கமான இ-ஃபிளாட் டியூபா. அதன் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் சுமார் 4 மீட்டர் வரும். அவ்வளவு நீளத்தையும் ஒரே மனிதரின் மூச்சு அதிர வைக்க வேண்டும். கீழ் சுரத்தைப் பலமாகப் பிடித்தால் சில நொடிகளில் நெஞ்சு காலியாகிவிடும். அதோடு, வாத்தியத்தின் வாய் மேல்நோக்கி இருக்கிறது. ஒலி நேராக உங்களிடம் வராது, கூரைக்குப் போய்த்தான் கூடத்தில் இறங்கும். டிரம்பெட் மாதிரி நெஞ்சுக்கு நேராக வந்து அறையாது.

இதனால்தான் டியூபா கான்செர்ட்டோவைத் தேர்ந்தெடுக்கும்போது, தனி வாசிப்பு எவ்வளவு கடினம் என்பதைவிட, பின்னால் இருக்கும் நாற்பது ஐம்பது பேரும் எவ்வளவு அடக்கமாக வாசிக்க முடியும் என்பதை முதலில் கேட்க வேண்டும் என்கிறேன். சில வருடங்களுக்கு முன் பஸ்ஸூன் என்ற தாழ்ந்த குரல் மரக்குழல் வாசிக்கும் ஒரு கலைஞரை அழைத்து வந்து, எங்கள் சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் அவரை மூழ்கடித்திருக்கிறோம். முன் வரிசையில் இருந்தவர்களுக்கே அவர் விரல்கள் நகர்வது தெரிந்ததே தவிர வாசிப்பு கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, முதலாவது வான் வில்லியம்ஸ். ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் இதை எழுதியது 1954இல், எண்பத்தொரு வயதில். லண்டன் சிம்பொனி இசைக்குழு தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிய நேரம் அது. அந்தக் குழுவின் டியூபா கலைஞர் பிலிப் கேட்டலினெட்டுக்காகவே எழுதப்பட்டது. 1954 ஜூன் 13 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஜான் பார்பிரொல்லி நடத்த, முதல் அரங்கேற்றம். வயதான காலத்தில் ஒரு பெரியவருக்கு வந்த விசித்திர ஆசை என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் அவர் மவுத் ஆர்கனுக்கும் ஒரு படைப்பு எழுதியிருந்தார். ஓரத்தில் தள்ளப்பட்ட வாத்தியங்களிடம் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். முழு இசைக்குழுவோடு டியூபாவுக்கு எழுதப்பட்ட முதல் பெரிய கான்செர்ட்டோ என்று இன்று எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மொத்தம் 13 நிமிடம்தான், மூன்று பகுதிகள். முதல் பகுதி விறைப்பான நடையில் போகும். குண்டான மனிதர் கனமாக அடியெடுத்து நடப்பதுபோல் தொடங்கி, போகப்போக அவருக்கு எவ்வளவு வேகம் வரும் என்று காட்டுகிறது. கடைசியில் இசைக்குழு நின்றுவிட, டியூபா மட்டும் தனியாக வாசிக்கும் கடென்ஸா வரும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வரும்போது பாடகரும் வயலின்காரரும் ஒதுங்கி உட்காருவார்களே, அந்த மாதிரி இடம். மூன்றாம் பகுதி ஒரு ஜெர்மானிய நடனம். அதன் முடிவிலும் ஒரு கடென்ஸா உண்டு.

நடுவில் வருவது ரொமான்ஸா. என் மனம் போன இடம் அதுதான். தந்தி வாத்தியங்கள் நாட்டுப்பாடல் சாயலில் ஒரு மெட்டைத் தொடங்கிவைக்க, டியூபா அதை வாங்கிப் பாடுகிறது. பாடுகிறது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். டியூபா என்றால் உம்-பா உம்-பா என்று கேட்டே பழகிய காதுக்கு இவ்வளவு மென்மையை ஏற்க முதல் முறை கொஞ்ச நேரம் பிடிக்கும். இந்தப் பகுதியைச் செல்லோவிலும் பஸ்ஸூனிலும் எடுத்து வாசிக்கிறார்கள். அப்படிக் கேட்டும் பார்த்தேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சன்னமான குரல் வருகிற உணர்வு டியூபாவில்தான் கிடைக்கிறது.

ஒரு நாள் ஒத்திகைக்கு அரை மணி முன்பே போயிருந்தேன். கூடத்தில் விளக்குகூடப் பாதிதான் எரிந்தது. அவர் மட்டும் உட்கார்ந்து ரொமான்ஸாவை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றால் இசையோடு வேறு ஒலிகளும் கேட்கும். வால்வுகள் இறங்கி ஏறும் லேசான தட் தட். ஒவ்வொரு சொற்றொடர் முடிந்ததும் வாயைத் திறந்து இழுக்கிற பெருமூச்சு. தாளில் மூச்சு வாங்கும் இடங்களுக்குப் பென்சிலால் சின்னச் சின்னக் கால்புள்ளிகள் போட்டிருந்தார். சிலவற்றை ரப்பரால் அழித்து இடம் மாற்றியிருந்தார். அந்தத் தாளில் அந்த இடமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. வாசித்து முடித்ததும் குழாயில் சேர்ந்திருந்த நீரைத் தரையில் விரித்த பழைய துண்டின் மேல் வடித்துவிட்டு, இந்த மெட்டில் சுரம் கஷ்டமே இல்லை, மெட்டை உடைக்காமல் மூச்சு வாங்குவதுதான் கஷ்டம் என்றார்.

நடைமுறையில் இதற்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நாடக அரங்க இசைக்குழு அளவுக்குத்தான் இதை எழுதியிருக்கிறேன் என்று வான் வில்லியம்ஸே குறிப்பு எழுதினார். மரக்குழல் வாத்தியங்கள் கொஞ்சம், ஹார்ன் இரண்டு, டிரம்பெட் இரண்டு, டிரம்போன் இரண்டு, தாளம், தந்தி. எங்களிடம் இருப்பவர்களே போதும். வெளியிலிருந்து யாரையும் கூலிக்கு அழைக்க வேண்டாம். டியூபா பாடும் இடங்களில் பின்னணியை அவரே மெலிதாக்கி வைத்திருக்கிறார், ஆகவே நாங்கள் தவறு செய்யக் கிடைக்கும் வாய்ப்பும் குறைவு.

இரண்டாவது எட்வர்ட் கிரெக்சன். இது 1976இல் பிராஸ் பேண்டுக்காகத்தான், அதாவது பித்தளை வாத்தியங்களும் தாளமும் மட்டும் உள்ள குழுவுக்காகத்தான், முதலில் எழுதப்பட்டது. மான்செஸ்டர் பக்கத்துப் பழைய குழுவான பெஸ்ஸஸ் ஓ த் பார்ன் பேண்ட் கேட்டு எழுதியது. முதலில் வாசித்தவர் ஜான் ஃபிளெட்சர். லண்டன் சிம்பொனியில் டியூபா வாசித்தவர், பிரிட்டனில் ஒரு தலைமுறை டியூபாக்காரர்களுக்கே முன்மாதிரி. 1978இல் இதை முழு இசைக்குழுவுக்கும் கிரெக்சன் மாற்றி எழுதினார். 18 நிமிடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முதல் பகுதியின் நடுவே வான் வில்லியம்ஸ் கான்செர்ட்டோவின் தொடக்க மெட்டு ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போவது. இருபத்திரண்டு வருடம் முன்னால் வழி திறந்த பெரியவருக்குப் போகிற போக்கில் ஒரு வணக்கம். முதலாவதைக் கேட்டுவிட்டு இதைக் கேட்பவர்களுக்கு அந்த இடத்தில் முகம் மலரும். இரண்டாம் பகுதி தேவாலயப் பாட்டு போன்ற நிதானமான கூட்டிசையோடு தொடங்கி நீண்ட பாடலாக விரிகிறது. மூன்றாவது துள்ளலானது, அதில் ஜாஸ் வாசனையோடு மெதுவான வால்ட்ஸ் நடனம் ஒன்றும் வருகிறது. அப்புறம் வித்தைகள் நிறைந்த கடென்ஸா, தொடக்கத்தின் நினைவு, கம்பீரமான முடிவு.

எங்கள் டியூபாக்காரருக்கு இதன்மேல் ஒரு கண் இருந்தது. சிறுவயதில் பிராஸ் பேண்டில் வளர்ந்தவர், அந்த உலகத்தின் மொழி இதில் இருக்கிறது என்பார். ஆனால் தாளக்கட்டு மாறிக்கொண்டே இருக்கும் முதல் பகுதியில் எங்கள் தந்திக்காரர்கள் தடுமாறுவோம் என்பது எனக்குத் தெரியும். பாக்கி எல்லோரையும் சொல்வானேன், என் மேசையிலேயே, அதாவது ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் நாங்கள் இருவரும், இரண்டு முறை வாசித்துப் பார்த்தோம், இரண்டு முறையும் ஒரே இடத்தில் விழுந்தோம். ஆறு ஒத்திகையில் அதைச் சரிசெய்துவிடலாம், மற்ற படைப்புகளைக் கைவிட்டால். ஒரு பிராஸ் பேண்டில் இருப்பவர்கள் இதைப் படித்தால், யோசிக்கவே வேண்டாம், மூல வடிவமே உங்கள் கைக்கு எழுதியது. இதையே எடுங்கள்.

மூன்றாவது பெயரைச் சொன்னதும் குழுவில் எல்லோர் கண்ணும் விரிந்தது. ஜான் வில்லியம்ஸ். ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு இசையமைத்த அதே மனிதர். ஜாஸ் (Jaws) என்ற சுறா படத்தில் அந்த இரண்டு சுரப் பயம் எழும்பும்போது மேலே ஒரு டியூபா அழைக்கிறதே, 1975இல் அதை வாசித்தவர் ஹாலிவுட் கலைஞர் டாமி ஜான்சன். பத்து ஆண்டு கழித்து 1985இல், பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் நூறாவது ஆண்டுக்காக, அப்போது அதன் நடத்துநராக இருந்த வில்லியம்ஸ் இந்தக் கான்செர்ட்டோவை எழுதினார். அங்கே டியூபா வாசித்த செஸ்டர் ஷ்மிட்ஸ்தான் முதலில் வாசித்தார். தானும் கொஞ்ச காலம் டியூபா வாசித்திருப்பதாகவும், அது டிரம்பெட்டுக்கு உறவான கார்னெட்டை மிகப் பெரிதாக்கிய மாதிரி சுறுசுறுப்பானது என்றும் வில்லியம்ஸ் சொல்லியிருக்கிறார். இசையைக் கேட்டால் அது அப்படியே தெரிகிறது. இதில் டியூபா நடப்பதே இல்லை, ஓடுகிறது, தாவுகிறது, அணில் மாதிரி ஏறி இறங்குகிறது.

மூன்று பகுதிகளும் நடுவில் நிற்காமல் ஒன்றோடொன்று தொடர்ந்து போகும். தனக்குப் பிடித்த மற்ற வாத்தியங்களுக்கும் இடம் கொடுத்திருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். புல்லாங்குழலுக்குத் தனி இடம், இங்கிலிஷ் ஹார்னுக்குத் தனி இடம், நான்கு ஹார்ன்கள் சேர்ந்து ஒரு இடம், மூன்று டிரம்பெட்டுகளுக்கு ஒரு இடம். இங்கிலிஷ் ஹார்ன் என்பது ஓபோ என்ற மரக்குழலுக்கு அக்கா முறை, இன்னும் தடித்த, ஏக்கமான குரல். மெதுவான பகுதியில் அந்தக் குரலும் டியூபாவும் அருகருகே வரும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தடித்த குரல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பேசுகின்றன.

எங்களுக்குத் தடையாக இருந்ததும் இதே செழிப்புதான். எங்களிடம் நல்ல ஹார்ன் வாசிப்பவர்கள் இரண்டு பேர், டிரம்பெட் இரண்டு பேர். இங்கிலிஷ் ஹார்ன் சொந்தமாக வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. வெளியிலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு ஒரு பக்கம், பதினெட்டு வருடம் காத்திருந்தவரைச் சுற்றி அன்றைக்கு முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். பலமான மரக்குழல், பித்தளை வரிசை உள்ள மாணவர் இசைக்குழுவாக இருந்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். டியூபா மட்டுமில்லாமல் எல்லா வரிசைக்கும் இதில் வேலை இருக்கிறது, சுவரொட்டியில் அந்தப் பெயரைப் பார்த்தே கூடம் நிரம்பும். கேட்க மட்டும் போகிறவர்களில், மேற்கத்திய செவ்வியல் இசையே புதிது என்பவர்களும் இதில் தொடங்கலாம்.

நான்காவது மிகப் புதியது, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ் எழுதியது. 2021 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு கேரல் ஜான்ச் முதலில் வாசித்தார், நடத்தியவர் யான்னிக் நெஸே-செகான். ஜான்ச் 2006இல், இன்னும் கல்லூரி மாணவியாக இருந்தபோதே, அந்த இசைக்குழுவின் தலைமை டியூபா இடத்தைத் தேர்வில் வென்றவர். அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்.

நான்கு பகுதிகள். முதல் பகுதியில் டியூபாவை வாசித்துக்கொண்டே அதற்குள் பாடவும் வேண்டும். உதட்டில் ஒரு சுரம், தொண்டையில் இன்னொன்று, இரண்டும் குழாய்க்குள் உரசும்போது மூன்றாவதாகவும் ஏதோ கேட்கும். மூன்றாவது பகுதி ஒரு புலம்பல். கடைசிப் பகுதி சாக்ஸஃபோன் மேதை சார்லி பார்க்கருக்கு அஞ்சலி. பறவை என்று செல்லப்பெயர் பெற்றவரின் பாய்ச்சலை, பித்தளை வாத்தியங்களிலேயே கனமானதை வைத்து எட்டிப்பிடிக்கிறார்கள். நான்கில் துணிச்சல் அதிகம் உள்ளது இதுவே. ஆனால் பின்னணிக் குழுவுக்கு ஜாஸின் அசைவு இரத்தத்தில் இருக்க வேண்டும். தாளில் எழுதியிருப்பதை அப்படியே சரியாக வாசித்தால் அது தப்பாக ஒலிக்கும். எங்களுக்கு எட்டாது, வருத்தமில்லை. கேட்பதற்கு இதை விட்டுவிடாதீர்கள்.

ஜெனிஃபர் ஹிக்டன் பிட்ஸ்பர்க் இசைக்குழுவின் கிரெய்க் நாக்ஸுக்காக எழுதிய கான்செர்ட்டோவையும் கொஞ்ச நேரம் பட்டியலில் வைத்திருந்தோம். நல்ல படைப்பு. ஆனால் முதல் கூட்டத்திலேயே போட்டி இந்த நான்குக்குள் சுருங்கிவிட்டது.

கடைசிக் கூட்டத்தில் ஜான் வில்லியம்ஸுக்கு ஆதரவு வலுவாக இருந்தது. டிக்கெட் விற்பனையை நினைத்துப் பேசியவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, கூடத்தின் வாடகையும் இசைத்தாள் வாடகையும் நாங்கள்தான் கட்ட வேண்டும். வான் வில்லியம்ஸ் 1958இல் காலமானவர், பிரிட்டனில் அவர் படைப்புகளுக்கு உரிமைக் காலம் இன்னும் முடியவில்லை, ஆகவே எதை எடுத்தாலும் தாள் செலவு தப்பாது. நான் சொன்னது ஒன்றுதான். பழைய பஸ்ஸூன் கச்சேரியை நினைவுபடுத்தினேன். வான் வில்லியம்ஸில் நாங்கள் பாதி நன்றாக வாசித்தால்கூட டியூபா கேட்கும். ஜான் வில்லியம்ஸில் நாங்கள் முழுக்க நன்றாக வாசித்தால்தான் கேட்கும். தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரே ஒரு முறை வாசிக்கப்போகிறவருக்கு எது பாதுகாப்பு என்று யோசிக்கச் சொன்னேன்.

13 நிமிடம் போதாதே, அவருக்கு இன்னும் நீளமாக எதையாவது கொடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அதற்கு டியூபாக்காரரே பதில் சொன்னார். டியூபாவில் 13 நிமிடம் தனியாக வாசிப்பது, இரண்டு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து வாசிப்பதைவிட அதிகம் என்றார். அதோடு, ரொமான்ஸாவை வாசிக்கத்தான் இருபது வயதில் இந்த வாத்தியத்தை விடாமல் வைத்துக்கொண்டேன் என்றும் சொன்னார். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் விருப்பத்தைக் கேட்டபிறகு சொல்வோம் என்று காத்திருந்திருக்கிறார்.

வான் வில்லியம்ஸ்தான் என்று முடிவானது. வீட்டில் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஆந்த்ரே ப்ரெவின் நடத்த லண்டன் சிம்பொனியோடு ஜான் ஃபிளெட்சர் வாசித்த ஒலிப்பதிவைச் சொல்வேன். அரங்கேற்றம் நடந்த அதே மாதத்தில் கேட்டலினெட்டும் பார்பிரொல்லியும் செய்த பதிவும் இருக்கிறது. ஒலித்தரம் பழையது, ஆனால் தனக்காக எழுதப்பட்டதை முதன்முதலில் வாசித்தவரின் விரல்கள் அதில் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை. ரொமான்ஸா தொடங்குவதற்கு முன், தந்தி வரிசைகளில் பின் மேசைக்காரர்கள் வில்லைக் கீழே வைத்துவிடுங்கள், பாதிப் பேர் போதும் என்றார் நடத்துநர். நான் பின் மேசை. வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். நான்காவது சொற்றொடரில் பென்சில் கால்புள்ளி இருக்கிற இடம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர் மூச்சு வாங்கவில்லை, அடுத்ததுவரை கொண்டுபோய்விட்டார்.